மணி நாலரை, பாயசத்தில் விஷம்

போன வருடம் மே மாதம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். "கொஞ்சம் நேரில் வந்து போக முடியுமா, பயப்பட ஒன்றுமில்லை" என்றார் டீச்சர். பயப்பட ஒன்றுமில்லை என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் உடனே பயப்பட வேண்டும், லண்டன் வந்த ஆறு வருடத்தில் அதையாவது கற்றிருக்கிறேன். போய் உட்கார்ந்தேன். நேற்று மாலை வீட்டில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்களாம். ஏழு வயது மகள் எழுதிய தாளை டீச்சர் என் பக்கம் திருப்பி வைத்தார். பாட்டியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சித்தி பாயசத்தில் விஷம் கலந்தாள். பெரியம்மா மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். அப்புறம் நாங்கள் இட்லி சாப்பிட்டோம்.

அது சீரியல் என்று விளங்க வைக்க இருபது நிமிடம் ஆனது. டீச்சர் கடைசியில் சிரித்துவிட்டார், ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஏதோ படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டார், அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மாவுக்கு அரிசி, மிக்ஸி, குளிர் எல்லாம் பழகிவிட்டது, சீரியலை விடுவது மட்டும் நடக்கவில்லை. பெட்டி ஒன்று வாங்கி வைத்தோம், ஊரில் ஓடும் அதே நேரத்தில் இங்கேயும் ஓடும். சிக்கல் அங்கேதான். கோடையில் நமக்கும் இவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஊரில் குழந்தைகள் தூங்கப்போகும் ஒன்பது மணிக்கு வருவது இங்கே சாயங்காலம் நாலரைக்கு வருகிறது. மகள் பள்ளிவிட்டு வந்து, ஷூவைக் கழற்றிப் போட்டு, பிஸ்கட்டோடு உட்காரும் நேரம்.

இந்த நாட்டில் டிவிக்கு ஒன்பது மணி ஒரு வரப்பு மாதிரி. வாட்டர்ஷெட் என்கிறார்கள். மலை உச்சியில் விழும் மழை ஒரு பக்கம் கேரளத்துக்கும் மறுபக்கம் நமக்கும் பிரியுமே, அந்த முகடுக்கான சொல்தான். 1960-களிலேயே வந்த ஏற்பாடு, இப்போது ஆஃப்காம் என்ற அமைப்பின் பொறுப்பு. இரவு 9 முதல் காலை 5.30 வரை பெரியவர்களுக்கானது, மற்ற நேரம் குழந்தைகள் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒளிபரப்ப வேண்டும். மணி ஒன்பது அடித்ததும் தடாலென்று மோசமாகிவிடவும் கூடாது, மெதுவாகத்தான் மாற வேண்டுமாம், அதுவும் விதியில் இருக்கிறது! ஒன்பதுக்கு மேல் ஒரு குரல் வந்து, "ஆரம்பத்திலிருந்தே கடுமையான வசைச்சொற்கள் உண்டு" என்று, பந்தியில் பாயசம் வருகிறது என்று சொல்கிற மரியாதையோடு சொல்லும். 2026 ஜனவரி 5 முதல் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்ட விளம்பரங்கள்கூட ஒன்பதுக்கு முன் டிவியில் கூடாது.

நம் ஊரிலும் விதி இல்லாமலில்லை. 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களை காலை 6 முதல் இரவு 10 வரை காட்டக்கூடாது என்று மத்திய அரசு சொன்னது. ஆணுறை பத்து மணிக்கு மேல்தான், ஆனால் மருமகள் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கு விளக்கு வைக்கிற நேரமே தோது! அம்மாவிடம் சொன்னேன். "அதுல அசிங்கமா ஒண்ணும் இல்லையேடி, எல்லாரும் பட்டுப்புடவைதானே கட்டியிருக்காங்க" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு ஆஃப்காம் அப்பாதான். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலம் படம், தெருவில் பாதி எங்கள் கூடத்தில். கதாநாயகனும் நாயகியும் மழையில் நனைய ஆரம்பித்தால் அப்பாவுக்குத் தொண்டை கமறும். "ஏம்மா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா." நான் பானையிலிருந்து மொண்டு, தளும்பாமல் நடந்து வருவதற்குள் மழை விட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போய், தாலி கட்டியாகியிருக்கும். பல படங்களில் ஏன் திடீரென்று தொட்டில் வருகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அந்தத் தண்ணியை அவர் ஒரு நாளும் குடித்ததில்லை, சொம்பு ஊஞ்சலுக்கடியில் அப்படியே இருக்கும், ராத்திரி அம்மா எடுத்துத் துளசிமாடத்தில் ஊற்றுவாள்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒழுங்கு வந்துவிட்டது. எட்டரைக்கு மகள் படுக்கை, ஒன்பதுக்கு மேல்தான் எங்கள் டிவி, நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று அக்காவிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அம்மா ஊருக்குப் போன பிறகு நாலரை மணிக்குக் கூடம் வெறிச்சென்று இருக்கிறது. சும்மா சத்தத்துக்காக அந்தச் சீரியலை நானே போட ஆரம்பித்தேன். சித்தி இன்னும் சாகவில்லை.

போன வாரம் முதலிரவுக் காட்சி. மகள் பிஸ்கட்டோடு பக்கத்தில். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கண்ணு, அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

"இரு" என்று ரிமோட்டை எடுத்து, பாஸ் பண்ணிவிட்டு எழுந்துபோனாள்.