வைக்கிங் அடுப்பில் வார்ப்பிரும்புப் பானை ஏன் கூடாது

பழங்கால வாழ்க்கையை அப்படியே வாழ்ந்து காட்டும் வரலாற்று மறுநடிப்பு முகாம்களில் உடையின் ஒவ்வொரு தையலையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள்கூடச் சறுக்குகிற இடம் அடுப்பு. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் 10-ஆம் நூற்றாண்டு முகாமில், நெருப்பின் மேல் கனத்த வார்ப்பிரும்புப் பானை தொங்கும். ஐரோப்பாவில் வார்ப்பிரும்புப் பானை மலிவாகப் பரவியது, ஆபிரகாம் டார்பி 1707-ல் மணல் அச்சில் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான். அதனால் முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள், பானை பிறகு. வைக்கிங் காலத்துக்கு இரும்புத் தகடுகளை ரிவெட் என்னும் தறையாணி அடித்துச் சேர்த்த கொப்பரை. ஐரோப்பிய இடைக்காலத்தின் பிற்பகுதிக்கு மூன்று கால் வெண்கலப் பானை. 18-ஆம் நூற்றாண்டுப் படைமுகாம் என்றால் தகரத்திலோ மெல்லிய இரும்புத் தகட்டிலோ செய்த வாளிப் பானை. எவர்சில்வர் எதற்கும் ஆகாது. அது 1913-க்குப் பிந்தையது.

ரிவெட் கொப்பரை புதிதில் ஒழுகும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் கசிந்து தணலில் விழுந்து 'சுர்' என்னும். பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். ஓட்ஸைக் கெட்டிக் கஞ்சியாக்கி, சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் கொட்டிவிடுங்கள். மாவு இடுக்குகளில் ஊறி, உப்பி, காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரு தடவையில் நிற்காவிட்டால் இன்னொரு தடவை. அதன் பிறகு கம்பி நார் போட்டுத் தேய்த்தாலோ, வெறும் பானையைத் தீயில் விட்டாலோ அடைப்பு உதிர்ந்து மறுபடி ஒழுகும். வெந்நீரில் கழுவி, சூட்டில் உலர்த்தி, கொழுப்பு தடவி வையுங்கள்.

இனி, கொப்பரையைத் தொங்கவிடும் முக்காலி. நார்வேயில் 834-ல் புதைக்கப்பட்ட ஓசபர்க் என்னும் வைக்கிங் கப்பலிலேயே இரும்பு முக்காலி கிடைத்திருக்கிறது. 12 மி.மீ. சதுரக் கம்பி, ஒன்றரை மீட்டரில் மூன்று கால்: எல்லாம் சேர்ந்து 5 கிலோவைத் தாண்டும். 10 லிட்டர் கொப்பரையை நிரப்பினாலும் தாங்கும். 8 மி.மீ. கம்பி சூட்டில் மெல்ல வளைந்துவிடும். வழவழப்பான உருட்டாலை உருண்டைக் கம்பி வேண்டாம், முறுக்கி விற்கிற அலங்காரக் கம்பியும் வேண்டாம். வெல்டிங் தவிர்க்க முடியாதென்றால், மேட்டைக் கிரைண்டரால் சமமாக்கி, சிவக்கக் காய்ச்சி, அந்த இடத்தைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். பார்வைக்குத் தெரியாது.

கொப்பரையைத் தாங்கும் சங்கிலியில் மட்டும் சமரசமே கூடாது. கடையில் எளிதாகக் கிடைப்பது துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. சங்கிலி. தீயில் அது வெண்புகை விடும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிரும் காய்ச்சலும் வரும். முலாம் இல்லாத கறுப்புச் சங்கிலியைக் கேட்டு வாங்குங்கள். துருப்பிடிக்காமலிருக்க, பெயின்டுக்குப் பதில் இரும்பைச் சூடாக்கி ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மிக மெல்லிசாகத் தேயுங்கள். தடிமனாகப் பூசினால் பிசுபிசுக்கும். ஹார்ட்வேர் கடையில் 'காய்ச்சியது' என்று விற்கும் எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்திருக்கும். சமையல் பக்கமே அது வரக் கூடாது.

வெள்ளீயம் பூசிய செம்புப் பாத்திரம் வாங்கினால், தண்ணீர் ஊற்றாமல் தீயில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகி, அடியில் மணி மணியாகத் திரண்டுவிடும்.