பழைய பேலட்டும் ஐரோப்பாவின் காடும்

ஓசூர் சிப்காட் பக்கம் பழைய பேலட், அதாவது சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டு, வாங்கிப் பிரித்து, ஆணி பிடுங்கி, திரும்பப் பெட்டியாக அடித்து விற்பது என் தொழில். வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்து கம்பெனியில் இறங்கியதும், அதைச் சுமந்து வந்த கட்டை எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை இருக்கும். கதிர் மாதிரி ஒரு படம், நாட்டுக்கு இரண்டு எழுத்து, பக்கத்தில் ஹெச்.டி. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிடம் வைத்து, உள்ளே இருக்கும் பூச்சி புழுவைக் கொன்றாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி அது. டிஇ என்றால் ஜெர்மனி, பிஎல் போலந்து, எஸ்இ சுவீடன். எங்கள் பையன்களுக்கு உலகப்படம் தெரியாது, ஆனால் முத்திரையைப் பார்த்தே ஊர் சொல்வார்கள்.

நாங்கள் புதுப் பெட்டி அடித்தால் சில்வர் ஓக், ரப்பர் மரம், தைலமரம் என்று கிடைத்ததை வைத்துச் சமாளிப்போம். அவர்களோ நல்ல பைன் பலகையை ஒரே பயணத்துக்குப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இத்தனை மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டுதான் ஐரோப்பாவின் காட்டு வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குப் பக்கமாகக் காடு. ஆனால் அதே கண்டம் தன் காட்டை வழித்துத் துடைத்த கண்டமும்கூட.

ஏரிச் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மகரந்தத்தை வைத்து எந்தக் காலத்தில் என்ன மரம் நின்றது என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி கடந்த 6000 ஆண்டுகளில் ஐரோப்பாவின் காட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. பெரும்பகுதி உழவுக்கும் மேய்ச்சலுக்கும் அடுப்புக்கும்தான் போனது. நடுவில் ஒருமுறை காடு தானாகவே திரும்பியிருக்கிறது. 1347 முதல் 1351 வரை வந்த பிளேக்கில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஜனம் செத்தது. ஊர்கள் காலியாகின, உழ ஆளில்லாத நிலத்தில் மரம் முளைத்தது. யாரும் கன்று நடவில்லை. ஜனம் பெருகியதும் மறுபடி கோடாரி.

அப்புறம் கப்பல் காலம். ஆம்ஸ்டர்டாமில் 1648இல் கட்டத் தொடங்கிய நகர மண்டபம், இப்போதைய அரண்மனை, 13,659 மரத்தூண்களைச் சேற்றில் அடித்து அவற்றின் மேல் நிற்கிறது. டச்சுக்காரர்களிடம் அவ்வளவு மரம் ஏது? நார்வேயும் பால்டிக் கரையும்தான் அவர்களுக்கு மரவாடி. பிரான்சில் பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர், கடற்படைக்கு ஓக் மரம் தீர்ந்துவிடும் என்று பயந்து 1669இல் காட்டுச் சட்டம் போட்டார். ட்ரான்சே காட்டில் ஓக் வளர்த்தார்கள். ஓக் மரம் பருவத்துக்கு வர இருநூறு வருஷம் ஆகுமே, அதற்குள் போர்க்கப்பல் இரும்புக்கு மாறிவிட்டது. அந்தக் காட்டு ஓக் இன்று ஒயின் பீப்பாய்க்குப் போகிறது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு ஆர்டர் மாறினால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்தவர் கார்லோவிட்ஸ். ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க அதிகாரி. வெள்ளி உருக்க உலைக்கு விறகுக்கரி வேண்டும், சுரங்கத்தைத் தாங்க முட்டுக்கட்டை வேண்டும், மலையோ மொட்டை. 1713இல் ஒரு புத்தகம் போட்டார். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்பதுதான் அதன் சாரம். சரக்கு தீர்ந்துபோகும் என்ற வியாபாரக் கவலையில் பிறந்த யோசனை அது. அதனால்தானோ என்னவோ எனக்கு நம்பத் தோன்றுகிறது.

ஆனால் புத்தகத்தால் மட்டும் காடு திரும்பவில்லை. நிலக்கரி வந்தது. 1709இல் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்குப் பதில் நிலக்கரியிலிருந்து எடுத்த கோக்கில் இரும்பு உருக்கிக் காட்டினார். மெல்ல மெல்ல உலையும் அடுப்பும் மரத்தை விட்டன. டென்மார்க்கில் 1800 வாக்கில் மிஞ்சிய காடு நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பங்கு. 1805இல் சட்டம் போட்டு, காட்டைச் சுற்றி வேலியடைத்து, மாடுகளை வெளியே விரட்டினார்கள். இப்போது அங்கே ஏழில் ஒரு பங்கு காடு. பிரிட்டன் இன்னும் தாமதம். முதல் உலகப்போரில் சுரங்கத்துக்கும் பதுங்குகுழிக்கும் மரம் போதாமல் திண்டாடிய பிறகுதான், 1919இல் தனியாக வன ஆணையம் அமைத்தது. அப்போது 5 சதவீதம், இன்று 13 சதவீதம்.

காட்டை அடைத்தால் அதை நம்பிப் பிழைத்தவன் எங்கே போவான்? இந்தக் கேள்வியைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. பிரான்சின் 1827 காட்டுச் சட்டம் மேய்ச்சலையும் விறகையும் கட்டுப்படுத்தியது. பிரெனீஸ் மலையடிவாரத்தில் அரியேஜ் என்ற பகுதியில் 1829இல் குடியானவர்கள் கிளம்பினார்கள். ஆம்பிளைகள் நீள வெள்ளைச் சட்டையைப் பாவாடை மாதிரி தொங்கவிட்டு, முகத்தில் கரி பூசி, பெண் வேஷத்தில் இரவில் வந்து வனக்காவலர்களையும் கரி சுடுபவர்களையும் விரட்டினார்கள். சில வருஷம் நடந்தது இந்தச் சண்டை. அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது.

இதைப் படிக்கும்போது எங்கள் தர்மபுரி மாவட்டத்து ஆளுக்கு அரூர்ப் பக்கத்து வாச்சாத்தி ஞாபகம் வராமல் இருக்காது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து போய் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு, தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துபோனார்கள், மிச்சம் 215 பேரையும் 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தன மரத்துக்குச் சொந்தக்காரன் சர்க்கார், அதன் நிழலில் வாழ்பவன் திருடன். இந்த ஏற்பாடு நம் மலையில் விளைந்ததில்லை.

எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை அதிகாரியாக வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மன்காரரை. ஜெர்மன் காட்டுக் கணக்கு அவரோடும் அவருக்குப் பின் வந்தவர்களோடும் இங்கே வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம். அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த நம் மலைகள் ரிசர்வ் ஆயின. பிராண்டிஸ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அந்தக் காவல் இல்லையென்றால் இங்கே ஒரு குச்சி மிஞ்சியிருக்காது. யாரிடமிருந்து காவல் என்பதுதான் என் கேள்வி. 1856இல் சென்னை மாகாணத்துக்கு வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்னை நியமித்தார்கள். அதே வருஷம்தான் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. சில வருஷத்தில் தண்டவாளம் மொரப்பூர் வழியாகச் சேலம் தாண்டி, 1862இல் மேற்கே பேப்பூர் கடற்கரையைத் தொட்டது. தண்டவாளத்துக்குக் கீழே மரக்கட்டை, எஞ்சின் வயிற்றிலும் விறகு. அவர்கள் ஊர் அடுப்பு நிலக்கரிக்கு மாறி அங்கே காடு மூச்சு விட்ட நேரத்தில், இங்கே மலை எஞ்சினுக்குள் போனது.

ஐரோப்பாவின் காடு திரும்பியதில் பாதி, கோடாரி வேறு ஊருக்குக் குடிபோனதால்தான் என்பது என் கட்சி. இன்றைக்கும் கதை பெரிதாக மாறவில்லை. அவர்கள் சாப்பிடும் சாக்லேட்டுக்கும் மாட்டுத் தீவன சோயாவுக்கும் வேறு கண்டத்துக் காடு விழுகிறது. அது அவர்களுக்கே உறுத்தியோ என்னவோ, காடழித்து விளைந்த சரக்கு உள்ளே வரக்கூடாது என்று 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கோகோ, காப்பி, ரப்பர், சோயா, பாமாயில், மாடு, மரம் எல்லாம் அதில் வரும். அமல்படுத்தும் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தது தனிக் கதை.

சரி, திரும்பிய காடு என்ன காடு? ஜெர்மனியில் கலப்பு மரங்கள் நின்ற இடத்தில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றையே வரிசை பிடித்து நட்டார்கள். சீக்கிரம் வளரும், நேராக வளரும், அறுக்கச் சுகம். 2018இல் பெரிய வறட்சி. தண்ணீரில்லாமல் தளர்ந்த ஸ்ப்ரூஸில் பட்டைவண்டு இறங்கியது. ஹார்ஸ் மலையில் மலைமலையாக மரம் நின்றபடியே செத்தது. வண்டு தின்ற மரம் விலை சரிந்து, கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போனது. எங்களிடம் வரும் சில கட்டைகளின் ஓரத்தில் பட்டை ஒட்டியிருக்கும். அதைப் பெயர்த்தால் உள்பக்கம் வண்டு போட்ட கோலம் தெரியும். ஹெச்.டி முத்திரை இந்த மாதிரிப் பூச்சிகளுக்குப் பயந்து வந்ததுதான்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். ஆயா இருந்தவரை கரட்டுக்குப் போய் விறகுச்சுமை எடுத்து வரும். உசிலும் வெக்காலியும்தான் அடுப்புக்கு நல்லது என்று சொல்லும். “ஆச்சா வெட்டாதடா, கோடாரி வாய் மழுங்கிடும்” என்று திட்டும். அப்புறம் கேஸ் வந்தது. ஆடு மேய்க்கப் பையன்கள் இல்லை, எல்லோரும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கிளம்பிவிட்டார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மலைக் கிராமங்களை விட்டு ஜனம் கிளம்பிய பிறகு மரம் ஏறியது போல இங்கேயும் கரடு பச்சையாகிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் அடிவாரத்தில் வேலிகாத்தான், மேட்டில் லண்டானா என்கிற உண்ணிச்செடி. ஆச்சாக் கன்றைத் தேட வேண்டியிருக்கிறது. மேலே இருந்து படம் பிடிக்கும் செயற்கைக்கோளுக்கு எல்லாம் ஒரே பச்சைதான் போல.

உண்ணி அடர்ந்த இடத்தில் புல் வராது. புல் இல்லாவிட்டால் யானைக்குத் தீனி குறையும். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் விவசாயி பரண்மேல் பட்டாசோடு உட்கார்ந்திருப்பான். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் வந்திருக்கின்றன. நல்ல விஷயம்தான். ராத்திரி கண் விழிப்பது மட்டும் அதே விவசாயி. ஜெர்மனியிலும் 2000ஆம் ஆண்டில் சாக்சனியில் ஓநாய் குட்டி போட்டது. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு என்று ஊரே கொண்டாடியது, ஆட்டுக்காரன் மட்டும் கொண்டாடவில்லை.

ஹார்ஸ் தேசியப் பூங்காவில் செத்த மரங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். நடுவே பிர்ச் போன்ற மரங்கள் தானாக முளைக்கின்றன. நம் உண்ணியை அப்படிச் சும்மா விட முடியாது, வேரோடு பிடுங்கினால்தான் மற்றது தலைகாட்டும். கர்நாடகப் பக்கம் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் என்ற மலைவாழ் மக்கள் உண்ணிக்குச்சியை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து நாற்காலி செய்கிறார்கள். மூங்கில், பிரம்பு வேலை தெரிந்தவர்களுக்கு அது பெரிய வித்தை இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாராவது செய்து பார்க்க முன்வந்தால், வேகவைக்கக் கொப்பரையும் விறகுக்கு உடைந்த ஜெர்மன் பேலட்டும் நான் தருகிறேன். பேசிக்கொள்ளலாம்.