ஓ பாசிட்டிவ் என்று எழுதிய அட்டை

ரத்த வங்கியில் 31 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாண வீட்டில் யாராவது "நான் ஓ பாசிட்டிவ்ப்பா, யாருக்கு வேணும்னாலும் கொடுப்பேன்" என்றால் இன்றைக்கும் வாய் சும்மா இருக்காது. "நெகட்டிவ்காரங்களுக்கு அது ஆகாதுங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். மனைவி முறைப்பாள்.

ஆனால் அந்த 'ஓ' என்னையே ஏமாற்றிய ராத்திரி ஒன்று உண்டு.

நாற்பது வயது அம்மா ஒருவர். கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன், ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே. இரண்டு பை கேட்டுச் சீட்டு வந்தது. கையிலிருந்த பழைய அட்டையில் ஓ பாசிட்டிவ். நானும் டைலில் மூன்று சொட்டு ரத்தம் வைத்தேன். ஒன்றில் ஏ வகை அணுவைத் திரிய வைக்கும் ஆன்டி-ஏ திரவம், நீல நிறம். அடுத்ததில் ஆன்டி-பி, மஞ்சள். மூன்றாவதில் ஆன்டி-டி, அதற்கு நிறம் கிடையாது. கலக்கி டைலை அப்படியும் இப்படியும் சாய்த்தேன். மூன்றாவது சொட்டு மட்டும் திரிந்த பால் மாதிரி குருணை குருணையாகப் பிரிந்தது. முதல் இரண்டும் திரியாததால் ஓ, மூன்றாவது திரிந்ததால் பாசிட்டிவ். ஓ பாசிட்டிவ்தான். சரி.

ஏற்றுவதற்கு முன் கிராஸ் மேட்ச் போட வேண்டும். நோயாளியின் சீரத்தையும், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரையும், பையிலிருக்கும் சிவப்பணுவையும் ஒரு குழாயில் சேர்த்துச் சுற்றவிட்டு எடுப்போம். லேசாகத் தட்டினால் அடியில் இருக்கும் சிவப்புப் பொட்டு புகை மாதிரி கரைந்து எழ வேண்டும். எழவில்லை. ஒரே கட்டியாக உருண்டது. ஐந்து பை மாற்றிப் பார்த்தேன், ஐந்தும் அப்படியே. சாம்பிள் மாறிவிட்டதோ என்று வார்டுக்குப் போய் நானே மறுபடி ரத்தம் எடுத்து வந்தேன். அதே கதை.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ரிவர்ஸ் குரூப்பிங். நோயாளியின் சீரத்தில் ஏ அணு, பி அணு, ஓ அணு மூன்றையும் தனித்தனியே விட்டுப் பார்ப்பது. சாதாரண ஓ என்றால் ஏ-யும் பி-யும் திரியும், ஓ திரியாது. இங்கே மூன்றும் திரிந்தன. அவசரத்தில் இதைத் தள்ளிப்போடும் பழக்கம் எனக்கு இருந்தது. அன்றோடு விட்டேன்.

பம்பாய் குரூப். பார்க்க ஓ மாதிரி இருந்தாலும் ஓ ரத்தத்தையே ஏற்காத அபூர்வ வகை. 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் கூட இருந்தவர்களும் கண்டு எழுதியதால் அந்தப் பெயர். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் வியன்னாவில் ரத்தத்தை வகை பிரித்துக் காட்டி அரை நூற்றாண்டு கழித்து வந்த செய்தி இது. உறுதி செய்ய ஆன்டி-ஹெச் என்றொரு திரவம் வேண்டும். அது ஒரு முள்செடியின் விதையிலிருந்து எடுப்பது. ஊட்டிப் பக்கம் மஞ்சளாகப் பூத்துக் காட்டை அடைத்துக்கொண்டு நிற்குமே, அதே செடிதான். சாதாரண ஓ அணுவை அது நன்றாகத் திரிய வைக்கும். இந்த அம்மாவின் அணுவில் ஒரு அசைவும் இல்லை.

காலையில் அவர் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இவருக்கு ஓ ரத்தமும் ஆகாது, இன்னொரு பம்பாய் ரத்தம்தான் ஏற்றலாம். கூடப் பிறந்தவர்களுக்கு இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, உடனே வரச் சொல்லுங்கள் என்று. அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நானும் ஓ, அவளும் ஓ. எங்க மக பி-ன்னு ஸ்கூல் கார்டுல போட்டிருக்கு. அப்படி வராதுன்னு எங்க வீட்டுல ஒருத்தர் சொல்லிட்டாங்க."

சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தார். மகளுக்கு அப்போது பத்தாம் வகுப்பு.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "பந்தல் போடணும்னா முதல்ல கால் ஊனணும்ல? ரத்த அணு மேல அந்தக் கால்தான் ஹெச். அது மேல வேயுற ஓலைதான் ஏ-யும் பி-யும். உங்க மாதிரி ஓ-காரங்களுக்குக் கால் இருக்கு, ஓலை இல்ல. உங்க வீட்டம்மாகிட்ட பி ஓலை இருக்கு, ஊன்றதுக்குக் கால் இல்ல. அதனால வெளிய பார்த்தா ஓ மாதிரியே தெரியும். உங்க மகளுக்குக் கால் உங்ககிட்ட இருந்து போச்சு. ஓலை அவங்க அம்மாகிட்ட இருந்து வந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கால்தானாண்ணே?" என்றார். "உங்களுதுதான்" என்றேன்.

அந்த அம்மாவின் தம்பி மதியமே பஸ் பிடித்து வந்துவிட்டார். அவரும் பம்பாய். 350 மில்லி எடுத்தோம். இன்னொரு பை வெளியூர்க் கொடையாளர் ஒருவரிடமிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. ஆபரேஷன் நான்கு நாள் தள்ளி நடந்தது.

டிஸ்சார்ஜ் அன்று அந்தக் கணவர் மகளையும் கூட்டிக்கொண்டு ரத்த வங்கி வாசலுக்கு வந்தார். "இந்த அண்ணன்கிட்ட பந்தல் கதையைக் கேளு" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.