சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் அசோகத் தூணைச் சுற்றித் திருப்பும்போதுதான் என் குவாலிஸ் முதன்முதலாக முனகியது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தேன். கன்றைப் பிரிந்த பசுவைப் போல முன்பக்கத்திலிருந்து நீளமாக ஓர் ஓசை வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மதுரைச் சம்பந்தி, "வண்டிக்கு வயதாகிவிட்டதோ?" என்றார். 2003 மாடல், டீசல். 2005-இல் இன்னோவா வந்ததும் இந்த வண்டியின் காலம் முடிந்தது. வயதாகிவிட்டதுதான். ஆனால் அதை அவர் சொல்லக் கூடாது.

உச்சிப்புளி வீட்டுக்குத் திரும்பியதும் பானட்டைத் திறந்து பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். அளவு கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதைவிட மோசம் நிறம். சிவப்பாக இருக்க வேண்டியது கருப்பட்டிப் பாகாகக் கறுத்துக் கிடந்தது. முகர்ந்தால் தீய்ந்த வாடை. என்ஜின் ஆயில் மாற்றும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறவன் நான். இதை மட்டும் இத்தனை வருடமாகக் குறைந்தால் ஊற்றுவதோடு விட்டிருக்கிறேன். கடைசியாக ஊற்றியது ஒரு பட்டறைப் பையன். எந்தக் கேனிலிருந்து ஊற்றினான் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூடியின் அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது எழுத்துகள் தெரிந்தன: ஏ.டி.எஃப். டெக்ஸ்ரான் 2 அல்லது 3. ஏ.டி.எஃப். என்பது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான எண்ணெய். என் வண்டியில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். இருந்தும் ஸ்டீயரிங் அதைத்தான் குடிக்கிறது. டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த தரத்தின் பெயர். மூன்றாம் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை அந்த நிறுவனம் 2006-உடன் நிறுத்திவிட்டது. அதனால் இப்போதைய கேன்களில் 'டெக்ஸ்ரான் 3 கேட்கும் வண்டிகளுக்கு ஏற்றது' என்ற பொருளில்தான் அச்சிட்டிருக்கும். அது போதும்.

ராமநாதபுரத்துக் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பச்சை நிற எண்ணெய். சில ஐரோப்பியக் கார்களுக்கு உரியது அது. "ஸ்டீயரிங் ஆயில் எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார். ஒன்றில்லை. ஹோண்டா தன் கார்களுக்குத் தனி எண்ணெயே வைத்திருந்தது. அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்; அதைவிடக் கேடு வேறில்லை. அது எண்ணெயே இல்லை, கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. எண்ணெயைத் தாங்குவதற்காகச் செய்த ரப்பர் சீல்கள் அதில் ஊறிக் கெட்டு ஒழுகத் தொடங்கும். சிவப்பு நிறத்தைப் பார்த்து வாங்குவதும் தப்பு, சிவப்பிலேயே பல தரம் உண்டு. மூடியில் இருந்ததை எழுதிக்கொண்டு போன காகிதத்தைக் காட்டி இரண்டு லிட்டர் வாங்கினேன்.

பாம்பனில் படகு என்ஜின் பார்க்கும் என் மைத்துனனைக் கூப்பிட்டேன். மீன்பிடித் தடைக்காலம்தானே, சும்மா இருப்பான் என்பது என் கணக்கு. ஆனால் ஏப்ரல் 15 முதல் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், பழுது பார்க்கும் வேலையெல்லாம் அப்போதுதான் அவன் தலையில் விழுமாம். ஞாயிறு மாலை வந்தான், கை நிறைய கிரீஸோடு.

முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்தோம். டப்பாவுக்கு எண்ணெய் திரும்பி வரும் ஹோஸைக் கழற்ற வேண்டும். அதன் கிளாம்ப், குறடு பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. பாம்பன் பாலத்தின் மேல் வாரம் இரண்டு முறை உப்புக் காற்று குடிக்கும் வண்டிக்கு வேறென்ன நடக்கும்! தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது எனக்கும் தெரியும். குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை வண்டிக்கு ஊற்றினால் வீட்டில் என்ன பேச்சு வாங்குவேன் என்பதும் தெரியும்.

ஹோஸின் நுனியை ஒரு பெரிய பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் அந்த ஹோஸ் மாட்டியிருந்த வாயை அடைத்துவிட்டு, புது எண்ணெயை நிரப்பினான். என்ஜினை ஓட்டவில்லை, ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்குச் சாவியைத் திருப்பியதோடு சரி. இடது கோடிக்கும் வலது கோடிக்குமாக நான் மெதுவாகத் திருப்பத் திருப்ப, பாட்டிலில் கறுப்பு இறங்கியது. பிறகு காப்பி நிறம். ஒன்றரை லிட்டர் செலவான பிறகுதான் மாதுளைச் சாறு மாதிரித் தெளிந்து வந்தது. டப்பா காலியாகாமல் அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். காலியானால் காற்றுப் புகுந்துவிடும்.

இவ்வளவு கவனித்தும் காற்று புகுந்திருந்தது. ஹோஸை மாட்டி என்ஜினைப் போட்டதும் டப்பாவில் நுரை, பழைய முனகலைவிடப் பெரிய முனகல். நான் பதறிப்போய் ஸ்டீயரிங்கைக் கோடியிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். "விடுங்கள் அத்தான், பம்ப் சூடாகிவிடும்" என்று அதட்டினான். கோடியில் அழுத்திப் பிடித்தால் பம்பில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் எண்ணெய் கொதிக்கும். சில நொடிகளுக்கு மேல் பிடிக்கக் கூடாதாம். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இது தெரியாது. அணைத்து, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி திருப்பினோம். மூன்றாவது முறை நுரை இல்லை, ஓசையும் இல்லை.

கறுப்பு எண்ணெயைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார், வேலிக் கம்பத்தில் கரையானுக்குப் பூச வேண்டுமாம். கொடுக்கவில்லை. அந்தக் கம்பத்திலிருந்து நான்கு அடியில் அவருடைய கிணறு. என்ஜின் ஆயில் கழிவு எடுக்க வருகிறவரிடம் தருவதற்காகப் பாட்டில் கொட்டிலில் நிற்கிறது.

காலையில் வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் ஒரே ஒரு சிவப்புச் சொட்டு. பம்பிலிருந்து போகும் அழுத்த ஹோஸின் இணைப்பில் கசிவு. மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். பழையதைக் கழற்றிக் கொண்டு வரச் சொல்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டால் மதுரைக்கு எதில் போவது, பஸ்ஸில்தான்.