கொண்டை படியும்போது

இன்று காலை நான் நீட்டிய தினைக்கதிரை எங்கள் காக்கடீல் என்னும் கொண்டைக் கிளி என் விரல் நுனிவரை கொத்தித் தின்றது, விரலைக் கடிக்கவில்லை.

கையைக் கண்டாலே சீறும் பறவை அது. முன்பு இருந்த இடத்தில் கூண்டுக்குள் கையை விட்டு, பிடித்துத்தான் வெளியே எடுப்பார்களாம்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டமாகத் தரையில் விதை பொறுக்கும் இனம் இது. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்கு வல்லூறுதான். ஆகவே கையை மார்புக்குக் கீழிருந்து, மெல்ல, அதன் கண்ணில் படும்படி கொண்டுபோக வேண்டும்.

சீறித் தன்னைக் காத்துக்கொள்ள முனையும்போது அதன் கொண்டை பின்னோக்கிப் படிந்து தலையோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கணத்திலேயே கையை நிறுத்திப் பின்வாங்கினால், கடிக்காமலேயே தன் மறுப்பு மதிக்கப்படுகிறது என்று அது அறிந்துகொள்கிறது. கடித்தாலும் கையை அசைக்காதீர்கள் என்னும் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. எச்சரிக்கை பயனற்றுப் போனால், பறவை அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளியினத்துக்கு அலகு மூன்றாவது கால் போன்றது. விரலில் ஏறுமுன், அது தாங்குமா என்று அலகால் பற்றிப் பார்க்கும். அதைக் கடி என்று எண்ணி நாம் வெடுக்கென இழுத்துக்கொண்டால், நம் கை நம்பத் தகாத கிளையாகிவிடுகிறது.

நாளை முதல் கதிரின் காம்பை இன்னும் குட்டையாகப் பிடிக்கப்போகிறேன். விரலில் ஏறுவதை அதன் விருப்பத்துக்கே விட்டிருக்கிறேன்.