கொழுக்கட்டைப் புல்லுக்குப் பை மாட்டிய கதை

பெரியபட்டினத்தில் எங்கள் வேலிக்கு வெளியே, மழைக்கு அப்புறம் கொழுக்கட்டைப் புல் தூர் தூராக எழும்பும். இது கருவுறாமலே விதை வைக்கும் புல் என்று படித்ததிலிருந்து ஒரே குடைச்சல். கரு தாயின் நகல்தான், அப்பன் வேண்டியதில்லை, சரி, அப்படியென்றால் இத்தனை மகரந்தத்தை எதற்கு உதிர்க்கிறது?

மார்கழியில் முதல் சுற்று. இதில் மகரந்தத்தை வாங்கும் சூலகமுடிதான் முதலில் எட்டிப் பார்க்கும், மகரந்தப்பை பிறகுதான் வரும், அதனால் வேலை சுலபம் என்று நினைத்து 20 சிறுகதிர்களில் (கதிரில் பூக்களைத் தாங்கும் சின்னத் துண்டுகள்) சாமணத்தால் மகரந்தப்பைகளைப் பிடுங்கி, மற்றதையெல்லாம் கத்தரித்துவிட்டு, பட்டர் பேப்பர் பை மாட்டினேன். பிரித்தால் 7 சிறுகதிரில் விதைமணி! மகரந்தமே வேண்டாம் போலிருக்கிறது என்று இரண்டு நாள் துள்ளினேன். அப்புறம் லென்ஸில் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு பூ, மேலே உள்ளது இருபால், கீழே உள்ளது மலடாகவோ ஆணாகவோ இருக்கும். அந்தக் கீழ்ப்பூவை நான் கண்டுகொள்ளவே இல்லை, அது பைக்குள்ளேயே நிதானமாக விரிந்து வேலையை முடித்துவிட்டது.

தையில் மறுபடி. பாதிக் கதிரைப் பக்கத்து வீட்டு ஆடு பையோடு தின்றுவிட்டது. ஆடு மேய்க்கும் பெரியவர், "என்னப்பா, புல்லுக்கெல்லாம் சட்டை போட்டு விட்டிருக்க?" என்று சிரித்தார். மிஞ்சியதில் கீழ்ப்பூவையும் சேர்த்துக் கிள்ளிய 22-ல் ஒரு மணிகூட இல்லை. அதேபோல் கிள்ளிவிட்டு, சற்றுத் தள்ளி நின்ற குட்டைத் தூரிலிருந்து விடிந்ததும் மகரந்தம் தொட்டு வைத்த 18-ல் 9 விதைமணி. வெயில் ஏறினால் புல் மகரந்தம் சீக்கிரம் செத்துவிடும், அதனால்தான் அந்த அவசரம்.

சூலுக்குள் இருக்கும் சூல்திசுவின் செல் ஒன்று, குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்குப் போகாமல், நேரே முட்டையைத் தாங்கும் கருப்பையாகிறது, அதிலுள்ள முட்டை யாரையும் எதிர்பார்க்காமல் கருவாகிவிடும். கருவுக்குச் சாப்பாடாகும் கருவூண்திசுதான் தானாக வராது. மகரந்தக்குழல் சூலகத்தண்டு வழியாக இறங்கி, ஓர் ஆண் கேமீட் (இனச்செல்) கருப்பையிலுள்ள துருவ உட்கருவோடு சேர்ந்தால்தான் அது உண்டு. சோறில்லாமல் பிள்ளை எத்தனை நாள் தாங்கும்? மகரந்தம் இங்கே தகப்பன் இல்லை, சோறு போடுகிற ஆள்.

தொட்டு வைத்த சூலகமுடி ஒன்றைக் காட்டன் ப்ளூ என்ற நீலச் சாயத்தில் நனைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், இறகு போன்ற அந்த முடியில் நீல நூலாக இரண்டு குழல்கள் தெரிந்தன. அடியில் எங்கே போயின என்று என் லென்ஸுக்கு எட்டவில்லை.

தாய்த் தூர் உயரம், இலையில் நீலப்பூச்சு. மகரந்தம் கொடுத்தது குட்டை, வெறும் பச்சை. புது விதை உடனே முளைக்காது, சில மாதம் கிடக்க வேண்டும். 9 மணியும் பாட்டிலில் இருக்கின்றன, ஆடியில் மாடித் தொட்டியில் போட்டு, முளைப்பவை தாயைப் போலவே வருகின்றனவா என்று பார்ப்பேன். ஆடு மாடி ஏறாது.