லிஃப்ட் கேட்டுப் போய் ரிடக்‌ஷனில் முடிந்த கதை

நான்கு மாதம், ஒரு கிளினிக், ஒரு ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ்காரர்களோடு எண்ணி ஒன்பது போன். ஒருவழியாக மார்பைச் சின்னதாக்கும் ஆபரேஷன் முடிந்தது. தோளில் பிரா பட்டை பதிந்த பள்ளம் மட்டும் இன்னும் இருக்கிறது, சுண்டுவிரலை வைத்தால் அப்படியே உட்காரும். அது மேடாக நாளாகும் என்றார்கள், ஆகட்டும்.

எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் மார்பு இறங்கியது, கனமும் ஏறியது. கழுத்து வலிக்கு பிசியோதெரபி. சித்திரை பிறந்துவிட்டால் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகும், பூஞ்சைக்குப் போடுகிற கேண்டிட் பவுடரைக் கொட்டிக்கொண்டு ஓட்டுவேன். இந்தப் பவுடரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் தப்பு என்னுடையதுதான். தொங்கிப் போனதுதான் என் பிரச்சினை என்று நானே முடிவு கட்டி, அண்ணா நகரில் ஒரு காஸ்மெடிக் கிளினிக்கில் போய் தொங்கின மார்பைத் தூக்கி வைக்கும் ‘பிரெஸ்ட் லிஃப்ட்’ என்று கேட்டேன். பெயரைக் கேட்டால் சின்ன வேலை மாதிரி இருந்தது. டாக்டருக்கு முன்னால் ‘கவுன்சிலர்’ என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கழுத்து வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “லிஃப்ட் மட்டும் பண்ணா மேல் பக்கம் காலியா தெரியும் மேடம், இம்ப்ளான்ட்டும் சேர்த்துக்கலாம்” என்று டிராயரைத் திறந்து, மார்புக்குள் வைக்கிற அந்தப் பையில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். உரித்த நுங்கு மாதிரி கொழகொழவென்று இருந்தது. கனம் தாங்க முடியாமல் வந்தவள் கையில் இன்னும் கால் கிலோவைக் கொடுக்கிறார்கள், எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. தலையாட்டிவிட்டு 10,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன்.

உறைத்தது பில்லைப் பார்த்தபோது. பேக்கேஜ் 2,10,000 என்றவர்கள், எஸ்டிமேட்டில் 37,800 கூடுதலாகப் போட்டிருந்தார்கள். “ஜிஎஸ்டி தனி மேடம், 18 பர்சென்ட்.” விசாரித்தால் அப்போது அது உண்மைதான். பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு வரி இல்லை, அழகுக்காகச் செய்தால் உண்டு. பேக்கேஜ் என்று யார் சொன்னாலும் வரி உள்ளேயா வெளியேயா என்று முதலில் கேளுங்கள்.

அன்று ராத்திரி அண்ணியிடம் புலம்பினேன். அவர் நர்ஸ். “அந்த டாக்டர் என்ன படிச்சிருக்கார்னு பார்த்தியா?” என்றார். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்தில் தேடினோம். எம்.பி.பி.எஸ்., அதோடு தோல் சம்பந்தமான ஒரு டிப்ளமோ. போர்டில் இருந்ததோ ‘காஸ்மெடிக் சர்ஜன்’. எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, இல்லையென்றால் அதற்கு இணையான நேஷனல் போர்டு பட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள். என் 10,000 திரும்பி வரவில்லை. ‘புராசஸிங்’ என்றார்கள். எதைப் புராசஸ் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஐம்பது வயதிருக்கும் அந்த சர்ஜன் அம்மாவுக்கு. பேச்சை ஆரம்பிக்கும் முன்பே இஞ்ச் டேப்பை எடுத்தார். தொண்டைக்குழியிலிருந்து காம்பு வரை 31 செ.மீ. “20, 21 இருக்க வேண்டியதும்மா. உனக்கு எது தொந்தரவு? இறங்கினதா, கனமா?” கனம் என்றேன். “அப்ப லிஃப்ட் எதுக்கு? லிஃப்ட்ல தோலைத்தான் எடுப்போம், கனம் அப்படியே இருக்கும். ரிடக்‌ஷன் பண்ணினா சதையையும் எடுத்துச் சின்னதாக்குவோம், தூக்கி வைக்கிறதும் அதுக்குள்ளேயே வந்துடும்.” பத்து நிமிடத்தில் தெளிந்தது. லைப்போசக்‌ஷன் மட்டும் போதாதா, தழும்பு குறையுமே என்று கேட்டேன். அது கொழுப்பைத்தான் எடுக்கும், என் அளவுக்குத் தொங்கின தோல் தானாகச் சுருங்காது என்றார்.

இம்ப்ளான்ட் பற்றியும் கேட்டு வைத்தேன். அளவு வேண்டும் என்பவர்களுக்கு அது. ஆனால் ஆயுசுக்கும் இருக்கிற சாமான் இல்லை, சுற்றிலும் சவ்வு இறுகலாம், அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும், என்றைக்காவது மாற்ற வேண்டி வரலாம். வழவழப்பான மேற்பரப்பா, சொரசொரப்பா என்றும் கேளுங்கள். ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனியின் சொரசொரப்பு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். கவுன்சிலர் இதையெல்லாம் வாயே திறக்கவில்லை.

தழும்பை மட்டும் யாரும் பூசி மெழுகக்கூடாது. எனக்கு நங்கூரத் தழும்பு: காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே ஒரு கோடு, அடி மடிப்பில் குறுக்கே ஒன்று. காம்பில் உணர்ச்சி குறையலாம், இனி குழந்தை பெற்றால் பால் கொடுக்க முடியாமல் போகலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். கல்யாணமாகாத பெண்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

சர்ஜரிக்கு முன் மேமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே, கேட்டார்கள். மாஸ்டர் செக்கப்பில் எடுத்தது 14 மாதப் பழசு, செல்லாது. புதுசு எடுக்க ஸ்கேன் சென்டருக்குப் போனால், அந்தப் பெண் என்னைப் பார்த்ததுமே “பவுடர் போட்டிருக்கீங்களா?” என்றாள். பவுடர் துகள் படத்தில் கால்சியம் புள்ளி மாதிரி விழுமாம். மடிப்பெல்லாம் அப்பிக் கிடந்தது, துடைத்தும் போகவில்லை. பெரம்பூரிலிருந்து போய்வந்த ஆட்டோ காசு தண்டம். மறுநாள் குளித்துவிட்டு, பவுடர், சென்ட் எதுவும் இல்லாமல் போனேன். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலியும் குறைவு.

இனி இன்ஷூரன்ஸ். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பையன், முன்கூட்டியே அனுமதி கேட்கும் ப்ரீ-ஆத் படிவத்தில் ‘காஸ்மெடிக் பிரெஸ்ட் சர்ஜரி’ என்று அடித்து அனுப்பிவிட்டான். நாலே மணி நேரத்தில் ரிஜெக்ட். பாலிசியைப் பிரித்தால் எக்ஸ்க்ளூஷன் 08: தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பு என்றால் உண்டு, உடல்நலத்துக்கு நேரடி ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சை என்று டாக்டர் சான்று கொடுத்தாலும் உண்டு. அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடி. சர்ஜனிடம் கடிதம் வாங்கினேன். தோல் டாக்டரின் இரண்டு வருடச் சீட்டு, பிசியோதெரபி ரசீது, புண்ணின் போட்டோ எல்லாம் சேர்த்தேன். ஆஸ்பத்திரிக்கு அவர்களே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அப்போதும் இல்லை, கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ணுங்கள் என்றார்கள். படிவம் அனுப்பும் முன் “என்ன எழுதியிருக்கீங்க, காட்டுங்க” என்று கேட்டிருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

நடுவில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். 2018-ல் அங்கே அரசு இலவசமாக மார்பக அறுவை சிகிச்சை ஆரம்பித்தபோது, ஏழைக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆடி கழியட்டும் என்று அத்தை சொன்னதால் ஆவணியில் சர்ஜரி. வலப்பக்கம் 540 கிராம், இடப்பக்கம் 610. இரண்டு நாளில் டிஸ்சார்ஜ். உள்ளே சேரும் நீர் வடிவதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக டியூப் தொங்கியது, அதைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கையைத் தூக்க முடியாது, அதனால் முன்பக்கம் ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி நாலு முன்பே வாங்கி வையுங்கள். கடைக்காரம்மா “எத்தனை மாசம்மா?” என்று கேட்டார். அத்தை சொந்தக்காரர்களிடம் தோள்பட்டை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டதால், ஹார்லிக்ஸோடு வந்தவர்கள் எல்லாரும் என் தோளையே பார்த்துவிட்டுப் போனார்கள்.

எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் இல்லாமல் கிளெய்ம் ஃபைலைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அதற்காக இன்னொரு நடை. கடைசியில் 1,92,000 பில்லுக்கு 1,18,000 வந்தது. எஸ்எம்எஸ்ஸை வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

பிளவுஸுக்கு அவசரப்படாதீர்கள். வீக்கம் முழுசாக வற்ற ஆறு மாதம் ஆகலாம் என்று சர்ஜன் சொல்லியும் கேட்காமல், இரண்டாம் மாதமே டெய்லரிடம் போனேன். “அளவு பிளவுஸ் கொண்டாந்தீங்களாக்கா?” என்றான். பழசு எதுவும் செல்லாது, புதுசா எடுப்பா என்று கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன். ஐந்து தைத்தான். ஐந்தும் லூசாகி, இப்போது பிரித்துப் பிடிப்பதற்காக அவனிடமே கிடக்கின்றன.